பூசாத மஞ்சள்

திருகோணமலை,
9.8.1974

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் சவிரிமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இப்போது மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாமல் வாசியுங்கள். போன கிழமை, பிறந்த ஐந்தாம் நாள், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். உடம்பும் மஞ்சளித்திருந்தது. துறைமுக வேலையைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டொக்டர் கிட்ட வராமலே, "குளிப்பாட்டேக்கை மஞ்சள் பூசியிருக்கிறியள். கழுவினால் போயிடும்" என்று அனுப்பிவிட்டார். பூசவில்லை என்றால் கேட்கிற ஆளா அவர்! நீங்கள் அனுப்பிய மஞ்சள் பொட்டலம் இன்னும் அவிழ்க்காமல் அலுமாரிக்குள் கிடக்கிறது.

மறுநாள் பிள்ளை அழக்கூட இல்லை. திரும்பப் போனால், அதே டொக்டர், அதே கதை! உங்கள் மருமகள் லூர்தம்மாவுக்கு வந்ததே கோபம். பிள்ளையின் இமையை விரித்துக் காட்டி, "கண்ணுக்குள்ளையும் மஞ்சள் பூசுவமோ, ஐயா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் பூசின மஞ்சள் இல்லை, செங்கமாரி நோய் என்று கண்டுபிடித்து, வார்ட்டில் சேர்த்து இரத்தம் மாற்றினார்கள்.

இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான், வீடு அதிர அழுகிறான். நாங்கள்தான் அவன் தூங்கினாலும் இமையை விரித்து விரித்துப் பார்க்கிறோம். ஒன்றுமில்லை என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

பிள்ளைக்கு விரிக்க உங்கள் பழைய வெள்ளைச் சேலைகள் வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டு வாருங்கள்.

வேலைக்கு நேரமாகிறது.

மகன்,
சவிரிமுத்து