ஒன்பதாவது பெயர்

மார்ச் 4, திங்கள்

சந்தைக்கு நடந்து போய் நடந்தே வந்தேன். எண்பத்தோரு வயதில் இந்தத் தெருவில் வேறு யார் நடக்கிறார்கள்? மருமகள் சியூ ஹூனை அவளுடைய நாற்காலியில் விட்டுவிட்டு வந்தேன். வாரம் மூன்று நாள், அந்தக் காலத்துப் பெரிய முதலாளி தவுக்கேயின் வீட்டில், நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அந்த வீட்டுக் கூடத்தில்தான் நாங்கள் ஒன்பது சிறுமிகள் ஒரு காலத்தில் தவுக்கே போட்ட மத்தியானச் சோறு தின்றோம். இப்போது அங்கே இயந்திரங்கள், பதினெட்டு நோயாளிகள். ஒருவரிடமும் காசு வாங்குவதில்லை. எல்லாம் தவுக்கே லிம் செங் ஹுவாட் எழுதி வைத்த உயில்.

மார்ச் 9, சனி

பீ காய்க் போய்விட்டாள். சோறு தின்னும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து என் மீன் தலையைத் திருடுகிறவள். போன வருடம்கூடச் சண்டை போட்டோம். அழுகை வரவில்லை. ஒன்பது பேரையும் விரல் விட்டு எண்ணினேன்.

மார்ச் 11, திங்கள்

வக்கீல் ஊய் வீட்டுக்கே வந்தார். தேநீர் குடிக்கவில்லை. "ஆன்ட்டி, இனிமே நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

எனக்குத் தெரியாதா? உயிலில் என் பெயரை நானே வாசித்தவள். மற்றவர்கள் கைநாட்டு வைத்தபோது நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வகுப்பு என்றால் சும்மாவா? 'இந்த ஒன்பது பெண்களில் ஒருத்தி உயிரோடு இருக்கும்வரை என் வீடு ஏழைகளின் வைத்தியத்துக்கு. அதற்குப் பிறகு என் வாரிசுகளுக்கு.' என்றைக்கும் என்று எழுத அந்தக் காலத்து வக்கீல் விடவில்லையாம். அதனால் ஊரிலேயே சின்ன உயிர்களாகப் பார்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார் தவுக்கே.

ஒன்பது முடிச்சில் எட்டு அவிழ்ந்துவிட்டது.

மார்ச் 13, புதன்

இருமல். இரண்டு தடவை.

மார்ச் 17, ஞாயிறு

தவுக்கேயின் கொள்ளுப்பேரன் ஜேசன், உடம்புக்குத் தெம்பு தரும் பறவைக்கூடு சூப்போடு வந்தான். பத்து வருடத்தில் என் வீட்டுக்கு முதல் தடவை. "உடம்பு எப்படி ஆன்ட்டி? பிரஷர் இருக்கா? நெஞ்சு வலி வருதா?" டாக்டர்கூட இவ்வளவு கேட்டதில்லை.

"ஏன்பா, கட்டில் அளவு எடுக்க வந்தியா, பெட்டி அளவு எடுக்க வந்தியா?" என்றேன். சிரித்தான். காது சிவந்தது. அந்த வீட்டை ஓட்டல்காரர்கள் கேட்கிறார்களாம், வக்கீல் சொன்னார்.

சூப்பைக் கொட்டவா, குடிக்கவா? குடித்தேன். குடித்தபின் பயம் வந்தது.

மார்ச் 26, செவ்வாய்

நான்தான் கடைசி ஆள் என்று சியூ ஹூனுக்குத் தெரிந்துவிட்டது. தாதி சொல்லியிருக்கிறாள். பதினெட்டு பேருக்கும் தெரியும். இன்று மட்டும் மூன்று வீட்டிலிருந்து மூலிகைக் கோழிச் சாறு வந்தது. அந்தப் பதினெட்டில் ஒருவர், லாரி ஓட்டின ஹாசிம், தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அம்மா, உங்களுக்குத் தும்மல் வந்தா அங்க நாற்காலி நாற்காலியா முகம் வெளுக்குது" என்றாள் சியூ ஹூன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு திரும்பிக்கொண்டு, "எனக்காக நீங்க பயந்து பயந்து இருக்க வேணாம்மா."

யாருக்காக இருக்கட்டும் பின்னே? வேறிடத்தில் இதற்குக் காசு கட்ட என் மகனால் முடியாது. நான் போனால் அவள் எத்தனை நாள்? ஒரு வாரமா? பத்து நாளா?

ஏப்ரல் 2, செவ்வாய்

குளியலறையில் வழுக்கியது. குழாயைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே நின்றேன். நகர முடியல. ஐயோ, இப்ப போயிடாதே, இப்ப போயிடாதேன்னு எனக்கே சொல்லிக்கிட்டு நிக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

கல்லறைத் திருநாள், எங்கள் சீனர்கள் முன்னோருக்குப் படையல் வைக்கும் நாள். எல்லோரும் மலைமேல் கல்லறைக்குப் போனார்கள். நான் போகவில்லை. படி ஏறப் பயம். என் புருஷன் கோபிக்கட்டும்.

ஏப்ரல் 17, புதன்

நாளை தவுக்கேயின் நினைவு நாள். வருடா வருடம் ஊதுபத்தி ஏற்றி, நான் உயிரோடு இருப்பதற்குக் கையெழுத்துப் போட்டு, வாரிசுகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்தத் தடவை சும்மா சாப்பிட்டுவிட்டு வரப்போவதில்லை. ஒரு எண்ணம் இருக்கிறது. தப்பாக விழுந்தால்?

ஏப்ரல் 18, வியாழன்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எழுதிவிடுகிறேன்.

கையெழுத்துப் போட்டேன். பன்றி இறைச்சி, வாத்து, ஆரஞ்சு எல்லாம் தவுக்கேயின் படத்துக்கு முன்னால் இருந்தது. படையலை இறக்கலாமா என்று அவரிடம் கேட்க, தரையில் போட்டுப் பதில் பார்க்கும் இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்தாள் பெரியவள் ஸ்வீ கிம், தவுக்கேயின் பேத்தி. "குடு, நான் ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

ஜேசன், "ஆன்ட்டி, சாப்பாடு ஆறுது" என்றான்.

"எழுபது வருஷமா இந்த வீட்டுச் சோறு ஆறித்தான் தின்னிருக்கேன். நில்லு."

மண்டியிட்டேன். "தவுக்கே, வீடு நோயாளிகளுக்கே இருக்கட்டுமா, என் மருமக பிழைக்கணுமா?" என்று கேட்டுப் போட்டேன். இரண்டு கட்டையும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் பதில் இல்லை, சிரிக்கிறார் என்று அர்த்தம். யாரோ பின்னால் மூச்சு விட்டார்கள்.

ஸ்வீ கிம்தான் அதட்டினாள். "லியான் அக்கா, ஒரு மூச்சுல ரெண்டு கேட்டா அவரு சிரிக்காம என்ன செய்வாரு? ஒண்ணொண்ணா கேளுங்க."

தப்பு என்னுடையதுதான். பயத்தில் என் வீட்டுக் கதையையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன். கட்டைகளைப் பொறுக்கினேன். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்தால் சரி. இரண்டும் குப்புற விழுந்தால் வேண்டாம். எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகக் கேட்டேன். "தவுக்கே, நான் செத்தப்புறம் இந்த வீட்டை இவங்க வித்துக்கட்டுமா?"

இரண்டும் குப்புற.

மறுபடி போடச் சொன்னான் ஜேசன். போட்டேன். குப்புற. மூன்றாவது தடவை ஸ்வீ கிம் தன் கையாலேயே போட்டாள். குப்புற.

"கட்டை விழுந்ததுக்கெல்லாம் சொத்த எழுதிக் குடுப்பாங்களா பெரியம்மா?" என்று ஸ்வீ கிம்மிடம் கேட்டான்.

"அப்ப நீயே படத்தப் பாத்துச் சொல்லு, தாத்தா நீங்க பேசுனது செல்லாதுன்னு. சொல்லுடா, நாங்க கேக்கறோம்."

படத்துப் பக்கமே அவன் திரும்பவில்லை. வாத்து நிஜமாகவே ஆறிப்போயிருந்தது.

மே 22, புதன்

பதினோரு வாரிசுகளில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. வீட்டை, அங்கே வைத்தியம் நடத்தும் சங்கத்துக்கே நிரந்தரமாக எழுதித் தரும் பத்திரம். ஸ்வீ கிம் வீடு வீடாகப் போகிறாளாம். மூன்று பேர் பாக்கி. அதுவரை படியிறங்க மாட்டேன்.

ஜூன் 20, வியாழன்

வெளிநாட்டில், பெர்த் ஊரில் இருக்கிறவனும் போட்டுவிட்டான். கடைசி ஆள் ஜேசன். போடும்போது, "இதுக்கப்புறம் ஆன்ட்டிக்கு யாரும் சூப் கொண்டு வர மாட்டாங்க" என்றானாம். திமிர். ஆனால் போட்டான். பத்திரம் பதிவாகிவிட்டது என்று வக்கீல் போன் செய்தார்.

ஜூலை 3, புதன்

மூன்று நாளாகக் காய்ச்சல். யாரும் போன் செய்து கேட்கவில்லை. சியூ ஹூன் கஞ்சியை மூடி வைத்துவிட்டு, "நான் வர நாலு மணி ஆகும், தூங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

தூங்கினேன்.