உன் படத்தின் கருத்து அப்பாவிடம் வந்து சேர்ந்துவிட்டது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் தம்பியும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவை இந்த வரியில் சேர்க்கவில்லை என்று அதற்குள் கவனித்திருப்பாய். பதறாதே, ஓர் இடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படி. போனில் சொல்லலாம் என்றால் மணி அடித்து முடிப்பதற்குள் அப்பா எடுத்துவிடுகிறார், எல்லாரும் நல்லா இருக்கோம் என்று உன்னிடம் கதை அளக்கிறார், நான் பக்கத்தில் நின்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுகிறேன். அதனால்தான் சலவைக் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, துணி மடிக்கிற மேசையிலேயே வைத்து இதை எழுதுகிறேன். தம்பி இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். கடையில் முதலாளியம்மா புது மெஷின் வாங்கியிருக்கிறார், அது துணியை வெளுக்கிறதோ இல்லையோ சட்டைப் பொத்தானையெல்லாம் தின்கிறது, நான் பாதி நாள் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். தம்பிக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. பெண் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் காது கேட்காதவன் ஆகிவிடுகிறான்.

நீ போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். விண்வெளிப் படத்தின் அடுத்த பாகத்துக்குக் கருத்து வேண்டுமா வேண்டாமா என்று அங்கே தினமும் சண்டை, ஜனங்கள் முதல் பாகத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுது என்றாய். ஜனங்களை விடு, நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வெறும் ராக்கெட்டும் வெடியும் காட்டி அனுப்பினால் அது படமா, வீட்டுக்கு எடுத்துப் போக நல்லதாக நாலு வார்த்தை வேண்டாமா என்று நீ தயாரிப்பாளரோடு மல்லுக்கட்டித்தானே அந்தக் கிழட்டுக் கேப்டன் காட்சியைச் சேர்த்தாய். தம்பி அன்றைக்கே சொன்னான், டிக்கெட் வாங்குறதே வெடிக்கிறதைப் பார்க்கத்தான், அக்கா எதுக்கு நடுவுல கிளாஸ் எடுக்குது என்று. நான் அவனை அதட்டினேன். நல்லது சொன்னால் உனக்கு வலிக்கிறதா என்றேன். மாடி வீட்டு டீச்சரிடம், என் மகள் எழுதிய படத்தில் கருத்து இருக்கிறது என்று வேறு பீற்றிக்கொண்டேன். இப்போது யாரிடம் போய் என்ன சொல்வேன்.

மூன்று பேருமாகத்தான் போய்ப் பார்த்தோம். கப்பலில் காற்று தீர்ந்து போகிறது, இருக்கிற காற்றுக்கு ஒரே ஓர் ஆள் அதிகம், கேப்டன் எழுந்து, நான் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டேன், இனி உங்கள் முறை என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு இருட்டுக்குள் போகிறாரே, அப்போது தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நானும் அழுதேன். கடைசியில் எறும்பு வரிசை போல ஓடிய எழுத்துகளில் உன் பெயர் வந்ததும் தம்பி விசில் அடித்தான். அப்பா மட்டும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வழியெல்லாம் பேசவும் இல்லை. மகளை நினைத்துப் பெருமையில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடப்பது உனக்குத் தெரியும். படம் பார்த்த மறுவாரம் அங்கே புதிதாக ஒருவர் வந்திருந்தார், பஸ் ஓட்டுகிறவர், சின்ன வயது, இரண்டு பெண் குழந்தைகள். அவருக்கு இன்னும் நேரம் ஒதுக்கவில்லை, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட நர்ஸ் வந்ததும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, நான் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாச்சும்மா, இந்த இடத்தை அந்த டிரைவருக்குக் குடுத்துடுங்க என்றாராம். உன் வசனத்தையே எடுத்துச் சொல்லியிருக்கிறார்! நர்ஸ் திட்டி உட்கார வைத்தாள். டிரைவர் பாவம் அரண்டு போய்விட்டார். அந்தத் தடவை எப்படியோ முடிந்தது. அடுத்த தடவை வயிறு சரியில்லை என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, நானும் நம்பித் தொலைத்தேன். இரண்டு நாளில் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. தம்பி தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர், இன்னொரு தடவை விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி சேர்ந்துடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு நேற்றுச் சாப்பிடும்போது, சனிக்கிழமையிலிருந்து நான் வரலை, ஆஸ்பத்திரியிலயும் சொல்லிட்டேன் என்று தலையில் கல்லைப் போட்டார்.

கேட்டால் தன் தொழிலையே நியாயமாகச் சொல்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளியவர் இல்லையா. ஆள் அதிகமானா மணி அடிக்கும், ஒருத்தர் இறங்கினாத்தான் லிஃப்ட் கிளம்பும், நான்தான் எப்பவும் இறங்குவேன், படிக்கட்டு எனக்குப் பழக்கம் என்கிறார். சரி, அப்போது படியேறி அடுத்த மாடியில் வந்து எங்களைப் பிடித்துக்கொள்வீர்கள், இங்கே எந்தப் படிக்கட்டு இருக்கிறது என்று கேட்டேன். தம்பி லீவு போட்டுக் கூட்டிப் போகிறான், நான் கடையை விட்டு ஓடி வருகிறேன், இதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துப் பார்த்துத் தான் பாரம் என்று மனதில் முன்பே வைத்திருந்திருக்கிறார். உன் படம் அதற்கு மாலை போட்டு மரியாதை செய்துவிட்டது. டிரைவருக்கு வேறு வேளையில் இடம் கிடைத்துவிட்டது தெரியுமா? அப்பா எழுந்து போனால் அந்த நாற்காலி சும்மாதான் கிடக்கும். படத்தில் ஒரு கப்பல் காற்றுக்கு ஓர் ஆள் அதிகம் என்று கணக்குப் போட்டவள் நீ. இங்கே அப்படி யார் கணக்குப் போட்டார்கள்? நம் வீட்டில் யாருக்குக் காற்று போதவில்லை?

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், கொஞ்சம் இருக்கிறது. நீ நல்லதைத்தான் நினைத்து எழுதினாய், அதுவும் தெரிகிறது. கருத்து வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அறிவு போதாது. தம்பி சொல்வதுபோல வெடியோடு நிறுத்தியிருந்தால் அப்பா பாப்கார்னைத் தின்றுவிட்டு வந்து தூங்கியிருப்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். கேப்டன் வெளியே போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பெண்டாட்டி நிற்கிறாள். எல்லாரையும் போல அவளும் கையைத் தூக்கிச் சல்யூட் வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு திட்டுத் திட்டவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவள் அப்படியா நிற்பாள்? நான் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பிட மாட்டேன் என்று மிரட்டியும் பார்த்தேன், எருமை மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறார். என்னிடம் இருந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்பா உன் வசனத்தைத்தான் கேட்கிறார். அதனால் அடுத்த பாகத்தை அப்புறம் எழுதிக்கொள், முதலில் அந்தப் பெண்டாட்டிக்கு ஒரு வசனம் எழுது. அவர் கதவுப் பக்கம் போகாமல் திரும்பி வந்து உட்காருகிற மாதிரி ஒன்று. பெரிதாக வேண்டாம், நான் மனப்பாடம் செய்து சொல்கிற அளவுக்கு.

நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், கை வைத்த காரியமெல்லாம் ஜெயிக்க வேண்டும். பட்டினி கிடந்து எழுதாதே. பதிலைத் தம்பி போனுக்கே அனுப்பு, வீட்டுப் போனுக்கு வேண்டாம். அப்பா என்ன சொல்லியிருந்தாலும் வண்டியை அனுப்புங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சனிக்கிழமை காலையில் அது வந்து வாசலில் நிற்கும், அதற்கு முன்னால் எனக்கு அந்த வசனம் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா