பவுன் காசின் எடை

ஐப்பசி, வெள்ளி இரவு.

பேத்திக்குச் சங்கிலி செய்யலாம் என்று, என் மனைவி விட்டுப்போன ராஜா தலை போட்ட பவுன் காசோடு தேரடித் தெரு நகைக்கடைக்குப் போனோம், நானும் மருமகள் செல்வியும். தராசில் வந்த எண்ணை யாரையும் கேட்காமல் நானே படித்தேன். எவ்வளவு சந்தோஷம்! 7.96. ஆனால் பவுன் என்றால் எட்டு கிராம் ஆயிற்றே. காசு இருந்த பீரோவின் சாவி செல்வியிடம்தான் இருந்தது.

"மீதி எங்கம்மா போச்சு?" என்று அவளைக் கேட்டுவிட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "பெரியவரே, வெள்ளைக்காரன் போட்ட பவுனே எட்டுக்குத் துளி கம்மிதாங்க. கிராம் கணக்கு வந்தப்புறம் நாங்கதான் முழுசா எட்டுனு வெச்சுக்கிட்டோம். கை பட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கும்."

செல்வி சிரிக்கவில்லை. இந்த வயதில் எனக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தவள் அவள். காசைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் முன்னால் போட்டாள்.

"இனிமே நீங்களே வெச்சுக்குங்க, மாமா."

"வேணாம்மா" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

சாவியை நான் இன்னும் தொடவில்லை. கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் வேறு கடையில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம் என்று மனசு சொல்கிறது. அதற்குச் சாவியை எடுக்க வேண்டும்.