காமாலை என்று சொன்ன நாள்

என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருக்கும் பஞ்சிலிருந்து ஸ்பிரிட் வாசனை வருகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். என் மகள் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வரிசை முன்னால் இருக்கிறாள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தால் வீடு வரும்வரை நீ இந்தப் பஞ்சை எடுக்க மாட்டாய். "வலிச்சதுக்கு அத்தாட்சி வேணும்ல அக்கா" என்பாய்.

உனக்கு மார்பில் கட்டி வந்தபோது வயது இருபத்தொன்பது. டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினார். "இந்த வயசுல வந்திருக்கிறதால, பரம்பரையா வர்றதான்னு ஒரு மரபணு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். குடும்பத்துல வேற யாருக்காவது புற்றுநோய் இருந்திருக்கா? அப்பா பக்கமும் யோசிச்சுச் சொல்லுங்க."

நீ என்னைப் பார்த்தாய். அத்தை சாகும்போது நீ கைக்குழந்தை, நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அவள் வயிறு வீங்கியதையும், குழாய் போட்டு நீர் எடுத்ததையும் பார்த்தவள் நான். தன் தங்கைக்குச் சினைப்பையில் புற்று என்று அப்பா அழுததைக் கேட்டவளும் நான்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி சொன்னாள்: "அத்தையப் பத்திக் கேட்டா காமாலைன்னு சொல்லு. போதும்." சொன்னேன். கல்யாணம் நடந்தது.

டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். "ஒரு அத்தை சின்ன வயசுல போயிட்டாங்க. காமாலைங்க. வேற யாருக்கும் ஒண்ணுமில்ல." வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்படி இல்லை. பதினேழு வயது மகள் வீட்டில் இருந்தாள். ஊர் வாயில் விழுந்தால் அவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

"இருந்தாலும் பண்ணிடறது நல்லது" என்றார் டாக்டர். "கீமோ முடியட்டுங்க" என்று உன்னைக் கேட்காமல் நானே தள்ளிப்போட்டேன். முடிந்த பிறகு அந்தப் பேச்சை நம் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

முடி கொட்டியபோது கண்ணாடி முன் நின்று சிரித்தாய். "சமயபுரத்துல மொட்டை போட்டேன்னு சொல்லிக்கலாம். நம்ம வீட்டுக்குப் பொய் சொல்ல யாராவது கத்துத் தரணுமா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் வருடம் உன் வயிறு வீங்கத் தொடங்கியது. இந்த முறை மரபணு டெஸ்ட் பண்ணலாமா என்று டாக்டர் உன்னிடம் மட்டும் கேட்டார். நீயே கையெழுத்துப் போட்டாய். மரபணுவில் கோளாறு இருந்தது. முன்பே தெரிந்திருந்தால் சினைப்பைகளை எடுத்துவிடுவதைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது.

அன்று சாயங்காலம் கேட்டாய். "அத்தைக்கு என்ன வந்துச்சு? நிஜத்தைச் சொல்லு."

சொன்னேன். திட்டுவாய் என்று காத்திருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். என் மகளை நீ பாப்பா என்றுதான் கூப்பிடுவாய். சுவரைப் பார்த்தபடியே, "பாப்பாகிட்டயாவது சொல்லிடு. நீயும் டெஸ்ட் பண்ணிக்க" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

நீ போய்ப் பத்து மாதமாகியும் நான் சொல்லவில்லை. மணப்பாறையிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. "நிச்சயம் முடியட்டும்டி" என்றாள் அம்மா. போன வாரம், அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சித்திக்கு மொதல்ல வந்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வர வேண்டாம் என்று அவர்களுக்கு அவளே போன் செய்தாள்.

இன்று அதே டாக்டர், அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆதரவாகப் பிடிக்கவில்லை. "நீ இரும்மா. நான் சொல்றேன். தாத்தாவோட தங்கச்சிக்கு சினைப்பைல, முப்பத்தாறு வயசுல. சித்திக்கு மார்புல இருபத்தொம்போது, சினைப்பைல முப்பத்திரெண்டு. முப்பத்திமூணுல போயிட்டாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "காமாலைன்னு சொன்னீங்களேம்மா?"

"பொய் சொன்னேங்க."

அவர் தலையசைத்துவிட்டு மீதியை எழுதினார். மூன்று வாரத்தில் முடிவு வரும். அது எதுவாக இருந்தாலும், இதைத்தான் சுமந்துகொண்டு இருப்பேன்: அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.