பதினோரு இடத்தில் மாற்றிய சொல்

என்னங்க,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் டிபன் பெட்டிக்குள் வைக்கிறேன்.

உங்களுக்கு இருக்கும் கைநடுக்கத்துக்குப் புது மருந்து ஒன்றை அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்போகிறார்கள். அதற்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையை எங்கள் அலுவலகத்தில் எழுதியது நான்தான். “சோதனைன்னு போட்டா பயந்துடுவாங்கம்மா, ஆய்வுன்னு மாத்திடுங்க” என்றார் அதை நடத்தும் டாக்டர். பதினோரு இடத்தில் மாற்றினேன்.

நேற்று அதைப் படித்துவிட்டு, “வெறும் ஆய்வுதானே, பேர் குடுத்துட்டேன்” என்றீர்கள். நான் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

யாருக்கு மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று டாக்டருக்கே தெரியாது. மருந்து உடம்பை என்ன செய்யும் என்பதும் இனிமேல்தான் தெரியும். கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள், அது சோதனைதான்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இன்று எனக்கும் கை நடுங்குகிறது.

உங்கள் பயந்தாங்கொள்ளி