உன் புருஷன், உங்கள் தம்பி

பிப்ரவரி 12

என் தம்பி பெண்டாட்டிக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? இங்கே நான் சுகமில்லை. காரணம் உன் புருஷன்.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் மாடியில் அவன், கீழே பட்டறை, நடுவில் நான். எங்கே நின்று பேசினாலும் அவன் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அவன் இந்தப் பல் பட்டறைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. டாக்டர்கள் நோயாளி வாயில் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். நாங்கள் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வடித்து, பல் செய்து, மெருகு போட்டு அனுப்புவோம். மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றுமில்லை. எங்கள் கடகடா இருக்கிறாளே, வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற பெண், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறு பல் முடித்துவிடுவாள். உன் புருஷன் நேற்று முழுக்க ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கிறான், விளக்குப் பக்கம் திருப்பிப் பார்க்கிறான்.

"என்னடா தேடற?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. இது அவங்க வாய்க்குள்ள போனதும் எப்படி உட்காரும்னு பாக்கறேன்."

அவர்கள் வாயை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ பல்லை முடி என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

என் விதி உனக்குத் தெரியும். திங்கட்கிழமை தோறும் எட்டுப் பேரும் மேஜை மாற வேண்டும். எல்லாருக்கும் எல்லா வேலையும் வர வேண்டும், எனக்கு வந்தது போல. அடுத்த வாரம் இவனுக்கு போன் மேஜை. நினைத்தாலே தலை வலிக்கிறது.

வீட்டில் இவனிடம் எப்படித்தான் வேலை வாங்குகிறாய்? அந்த ரகசியத்தை எனக்கும் எழுது.

எரிச்சலும் அன்புமாக,
உன் அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இன்னொரு தடவை படித்தேன்.

உங்கள் தம்பியிடம் நான் வேலை வாங்குகிறேனா? நல்ல கதை. கல்யாணமான புதிதில் சமையலறையில் ஒரு பலகை அடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்தார். நாலாவது ஞாயிறு நானே சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "சுவர் லேசா சாஞ்சிருக்கு, பொறு" என்றார். பதினாறு வருஷமாக நான் வேறென்ன செய்கிறேன்?

கடைசியாக வேலை பார்த்த தராசு ரிப்பேர் கம்பெனியில் நடந்ததை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தராசுகளில் 'சோதிக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் சோதிக்காமலே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் ஒவ்வொன்றையும் சோதித்து ஒட்டினார். மூன்றாம் நாள் இவர் சீட்டையே கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்னே இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட இதேதான்.

"எங்கிட்ட அனுப்பு, ஆளாக்கிக் காட்டறேன்" என்று சொன்னது நீங்கள்தான் அண்ணி. அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இதுவும் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷனைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவுதானே? ஐந்து மணி நேர பஸ்தான். ஏன் ஒரு தடவைகூட வரவில்லை? கேட்டால் "வர்றேன், கொஞ்ச நாள் ஆகட்டும்" என்கிறார். சின்னவள் அப்பா வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் அன்பான,
தம்பி பெண்டாட்டி


மார்ச் 1

தம்பி பெண்டாட்டிக்கு,

உன் புருஷனை வரும் சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். போதும்.

நடந்ததைக் கேள். பன்னிரண்டு வருஷமாக எங்களிடம் வேலை கொடுக்கும் பெரிய டாக்டர் போன் செய்தார். ஒரு பெரியவருக்கான முழு செட் தயாரா என்று கேட்டார். உன் புருஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தயார் சார்." இரண்டே வார்த்தை. இவன் சொன்னது இது: "தயாராயிடுச்சு சார், ஆனா நல்லா இல்ல. இடது பக்கம் கடி உறுத்தும். நாலு நாள் கொடுங்க." நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் ரத்தம் கொதித்தது. டாக்டர், "உங்க ஆளே உங்க பல்லு நல்லா இல்லேங்கறார், நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்த செட்டை அப்படியே அன்றே அனுப்பிவைத்தேன். செய்தது, அந்த வாரம் மூலையில் மெழுகு மேஜையில் தனியாக இருந்த கடகடா. அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். அவள் அழுதாலும் சத்தமாகத்தான் அழுவாள், தெருவே எட்டிப் பார்த்தது.

இவன் முகத்தில் ஒரு வருத்தம் உண்டா? "அவர் கேட்டாரு, சொன்னேன்" என்கிறான். என் கூடப் பிறந்தவன்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

இதுவரை உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசப்போகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

பொய் சொல்ல வராத மனுஷனை போனில் உட்கார வைத்தது யார்? பேசாமல் ஒரு நிமிஷம் இருக்க முடியாத பெண்ணை மூலையில் மெழுகோடு தனியாக உட்கார வைத்தது யார்? அவள் சீக்கிரம் எழுந்து ஆட்களோடு பேசுவதற்காகவே அவசர அவசரமாக முடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு எட்டு வேலையும் வரும் அண்ணி. அது உங்கள் கை. மற்ற எட்டுப் பேருக்கும் உங்கள் கைதான் இருக்கிறது என்று நினைத்தால் எப்படி? பல்லுக்கு வாய்க்கு வாய் அளவெடுக்கிறீர்கள். ஆளுக்கு மட்டும் ஒரே அச்சா?

நானும் யோக்கியமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இங்கிருந்து கிளம்பிய அன்று பையை வாசலில் வைத்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்ய உட்கார்ந்தார். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, "இந்த வேலையாவது நிரந்தரம் ஆகட்டும், அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் வாரைச் சரிசெய்துவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றாதீர்கள். உங்கள் காலில் நான் விழுகிறேன்.

தம்பி பெண்டாட்டி


ஏப்ரல் 2

தம்பி பெண்டாட்டிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. முதல் பத்து நாள் உன்மேல் கோபம். யாரிடம் என்ன பேசுகிறாய் என்று நாலு வரி எழுதிக் கிழித்தேன். பஸ்ஸில் மட்டும் ஏற்றவில்லை, ஏனென்று எனக்கே தெரியாது.

பதினோராம் நாள் அந்த செட் திரும்பி வந்தது. பெரியவருக்கு இடது பக்கம் உறுத்தி, ஈறு புண்ணாகி, கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லையாம். டாக்டரே நேரில் வந்தார். "போன்ல பேசினாரே, அவர் எங்க?" என்று கேட்டார். நான் மாடியைக் காட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்த பற்கள் பெட்டியைக் கவிழ்த்து, யார் யார் செய்தது என்று பார்த்தேன். பாதிக்கு மேல் கடகடா. என்னுடையதும் உண்டு. உன் புருஷனுடையது ஒன்றுகூட இல்லை.

மேஜை மாறுவதை நிறுத்திவிட்டேன். கடகடா இப்போது போனில். டாக்டர்கள் வேலை இல்லாவிட்டாலும் கூப்பிட்டு அவளிடம் பேசுகிறார்கள். வாசல் பக்கத்து மேஜை உன் புருஷனுடையது. எந்தப் பல்லும் அவன் பார்க்காமல் வெளியே போகாது.

இதனால் என் எரிச்சல் தீர்ந்தது என்று நினைக்காதே. எதுவும் சொன்ன நேரத்துக்குப் போவதில்லை. போன வாரம் நானே செய்த பல்லைத் திருப்பிக் கொடுத்தான். இருபத்தாறு வருஷமாகப் பல் செய்கிறவள் நான்! மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே கடி பார்க்கும் நீலத் தாளை வைத்து அழுத்தி, "இங்க பாருக்கா, ஒரு புள்ளி மட்டும் அழுத்தமா விழுது" என்கிறான். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பாழாய்ப் போனவன் சொன்னது சரி.

போன ஞாயிறு தனியாகப் பட்டறையில் உட்கார்ந்து எல்லா மேஜை இழுப்பறைகளுக்கும் சிக்காமல் ஓட மெழுகு தடவிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போயேண்டா என்றேன். "நிரந்தரம்னு நீ இன்னும் சொல்லலியேக்கா" என்றான். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் உன்னையும் அவனையும் சேர்த்துத் திட்டினேன். மூன்று மாதமாக அந்த மடையன் உன் வார்த்தையை அளந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

நிரந்தரம் என்று சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான், மடித்துப் பையில் வைத்தான். இன்னும் கிளம்பவில்லை. "அவ கூப்பிடட்டும்" என்கிறான். இதற்கு மேல் என்னால் ஆகாது.

உன் அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். எதிரே அவர் அடித்த பலகை. பதினாறு வருஷத்தில் அரிசி டின், எண்ணெய் டின், சின்னவள் ஏறி உட்கார்ந்தது என்று எத்தனை பாரம். ஒரு நூல்கூட இறங்கவில்லை. இத்தனை நாள் அதை நான் பார்க்கவே இல்லை. அழுதேன் அண்ணி, எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

கீழே இருப்பதை அவருக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். உங்கள் சொந்த வார்த்தை எதுவும் சேர்க்காதீர்கள், அதையும் அவர் அளப்பார்.

"அன்று சொன்னது கோபத்தில் சொன்னது. தப்பு என்னுடையது. வேலை நிரந்தரமோ இல்லையோ, இது உங்கள் வீடு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி பஸ்ஸில் வாருங்கள். குளியலறைக் கதவு மூடவில்லை. ஆசாரியை நான் கூப்பிடவில்லை."

ஞாயிறு சாயங்காலம் அனுப்பிவிடுகிறேன். கதவு முடியாவிட்டால் திங்கள். என் புருஷன் ஒரு நாள் தாமதமாக வந்தால் உங்கள் பட்டறை ஒன்றும் முழுகிவிடாது.

தங்கள்
தம்பி பெண்டாட்டி