இருபது புள்ளி ஒன்பது

மச்சான்,

இன்று காலை நம் எண்ணெய்த் தொழிற்சாலையின் மூன்றாம் தாங்கி மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய மீற்றரை உள்ளே இறக்கினேன். காற்றில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் சின்னப் பெட்டி அது. நீ போன பிறகுதான் வாங்கினார்கள். மூடிக்கு வெளியே இருபது புள்ளி ஒன்பது. ஒரு முழம் இறங்கியதும் பன்னிரண்டு, இன்னொரு முழத்தில் இரண்டு. பெட்டி கத்தத் தொடங்கியது. நாலு வருடமாக அந்தச் சத்தம் என்னை உன்னிடம் இழுத்து வந்து நிறுத்துகிறது.

பன்விலயிலிருந்து பல்லேகலைக்கு வேலைக்கு வரும் பஸ்ஸில் நீ போனில் பார்த்ததையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். "பூமியோட முதல் காத்துல ஒட்சிசனே இல்ல மச்சான். கடல்ல பாசி மாதிரிச் சின்ன உயிருங்க கழிவா விட்டதுதான் நாம இழுக்கிறது." அது முதலில் கடலிலிருந்த இரும்பைத் துருப்பிடிக்க வைத்ததாம். மிஞ்சியதுதான் கோடிக்கணக்கான வருடங்களில் காற்றில் சேர்ந்ததாம். "அப்ப நாம பாசி விட்ட குசுவையா சுவாசிக்கிறோம்?" என்று கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஒட்சிசனே அதற்கு முன் வாழ்ந்த உயிர்களுக்கு நஞ்சாகிப் போனது என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டி டவுனுக்குப் போகும்போது, மலைகளுக்கு நடுவே தேங்கி நின்ற வாகனப் புகையைக் காட்டினாய். "காத்து மாறாத சாமான் இல்ல. ஒருக்கா மாறுச்சு, இன்னொருக்காவும் மாறும். நம்மளக் கேட்டுக்கிட்டா மாறப்போகுது?"

நீ போன அந்த நாளில், கழுவுவதற்காக இதே தாங்கியின் எண்ணெயை இறைத்து முடித்திருந்தோம். எண்ணெய் கெடாமலிருக்க அடைக்கும் நைதரசன் உள்ளேதான் இருந்தது. அடிக்கசடைச் சுரண்டும் தகடு என் கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. நீ மூடியருகே தயங்கினாய். "உள்ள கேஸ் இருக்குமே மச்சான், எறங்கலாமா?" எனக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "நைதரசன்தானே. காத்துல அஞ்சுல நாலு பங்கு அதுதான்னு நீயே சொன்னியே."

நீ சிரித்துக்கொண்டு இறங்கினாய். மிச்ச ஒரு பங்கை நான் யோசிக்கவில்லை. நீ இருமவில்லை, என்னைக் கூப்பிடவுமில்லை. மணமில்லை, மூச்சுத் திணறவுமில்லை. ஏணியின் நாலாவது படியில் உன் கைகள் தாமாகவே விட்டுவிட்டன. பின்னால் குதிக்கப் போன என்னை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பாசி பிறக்காத காலத்துப் பூமி அந்தத் தாங்கிக்குள் உட்கார்ந்திருந்தது.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "அவராத்தான் எறங்குனாரு" என்றேன். உன் மனைவி செல்வி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஊரெல்லாம் அவள் சொல்வது இதுதான்: "அவசரக்கார மனுசன். யாரையும் கேக்காம எறங்கிட்டாரு." இரண்டு முறை பார்த்துவிட்டு ரோட்டைக் கடப்பவன் நீ. உன்னை அவசரக்காரனாக்கிவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

இன்று மீற்றர் கத்திக்கொண்டிருக்கும்போதே, புதிதாக வந்த ரிஸ்வான் ஏணியில் காலை வைத்தார். "நைதரசன்தானே அண்ணன், வெளியிலயும் அதுதானே இருக்கு. ஒரு நிமிசத்துல வாறேன்." அவரை இழுத்துத் தள்ளி, மீற்றரையும் மேலே எடுத்துக்கொண்டு, மூடியைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன். "இதே வார்த்தைய நான் சொல்லித்தான் அவன் செத்தான்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

பேச்சு பன்வில போய்ச் சேர்வதற்குள் நானே போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். செல்வி அப்போதுதான் தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவரு கேட்டுட்டுத்தான் எறங்குனாரா?"

"ஆமா தங்கச்சி. என்னையத்தான் கேட்டாரு."

"நாலு வருசமா அந்த மனுசனப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கேனே" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீற்றரைத் திருப்பி வைக்க மறந்து சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். அந்தச் சாத்திய கதவின் முன் நின்று எடுத்துப் பார்த்தேன். இருபது புள்ளி ஒன்பது என்றுதான் காட்டியது. எனக்கு மூச்சு முட்டியது, மச்சான்.